ஐந்தாம் மாடிக் கயிறு

"முத்திரை குத்திட்டா அது உண்மையாயிடுமா, மாமா?"

நித்யா இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடி நடைபாதையில் குந்தி, சுரேந்திரன் ரப்பரில் எழுத்துகளைத் திருப்பி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரேந்திரன் பிளேடை நிறுத்திவிட்டு யோசித்தார். "இல்லடா கண்ணு. முதல்ல உண்மை. அப்புறந்தான் முத்திரை."

பிள்ளைக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த முகம் வாடுவது பொறுக்காமல், வெட்டி மிஞ்சிய ரப்பர்த் துண்டில் 'நல்ல பிள்ளை' என்று செதுக்கி, ஊதா மையில் ஒற்றி, அவள் புறங்கையில் பதித்துவிட்டார். மறுநாள் காலையில் அவளுடைய அம்மா மஞ்சுளா ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்தே கத்தினாள்.

"அண்ணே! நேத்து முழுக்க எதிர்த்து ஒரு பேச்சுப் பேசல. கீரைய மிச்சம் வைக்காம தின்னா. அந்த மை இன்னும் கொஞ்ச நாளைக்கு அழியாம இருக்குமா?"

தெருவே சிரித்தது. சுரேந்திரனும் சிரித்தார். ஆனால் நித்யா கேட்ட அந்தக் கேள்வி மட்டும் எலும்பில் ஒட்டிய மாதிரி அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

சுரேந்திரனின் மேசை யாங்கோனின் கியாக்டடா வட்டத்தில், சூலே பகோடாவைச் சுற்றி வரும் பஸ்கள் மூச்சு வாங்கித் திரும்புகிற ஒரு முனையில் இருக்கிறது. பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்பா நகராட்சியில் குழாய் பார்த்தார், இவர் முத்திரை வெட்டுகிறார். யாங்கோனில் ஒரு மனிதன் பிறந்தான், படித்தான், வரி கட்டினான், செத்தான் என்பதற்கெல்லாம் முத்திரை வேண்டும். ஆகையால் வேலைக்குக் குறைவில்லை. பொய் முத்திரை மட்டும் வெட்டமாட்டார். கல்யாணமான புதிதில் ஜெயம்மா சொல்லியிருந்தாள்: "பொய் முத்திரை வெட்டுன கையால எனக்குச் சோறு போடாதீங்க." அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எதையெல்லாமோ வெட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, "வீட்ல சோறு கிடைக்காதுங்க" என்பார்.

அந்த ஜெயம்மாவும் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. காரியங்கள் முடிந்து மறுபடி மேசையை விரித்த முதல் நாள், பகல் சாப்பாட்டு வேளையில் எங்கே போவது என்று தெரியாமல் அவர் பிளேடைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஊரில் மாடிப்படி ஏறி இறங்க யாருக்கும் முடிவதில்லை. பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே மணி அடிக்கும். பேப்பர் தானாக மேலே போகும். அன்றைக்கு ஐந்தாம் மாடிக் கயிறு, யாரும் அசைக்காமலே, தூக்குச்சட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு இறங்கி வந்து அவர் தோளுக்கு நேராக நின்றது. சோறு, பருப்பு, ஓர் அப்பளம். மேலே இருந்து ஒரு குரலும் வரவில்லை. அவர் சோற்றைப் பிசைந்தார். கண்ணீரும் அதில் விழுந்தது. காலிச் சட்டியை மாட்டிக் கயிற்றை அசைத்தார். அது ஏறிப் போயிற்று. பால்கனியில் ஒரு தலையும் தெரியவில்லை.

அவர் தானே சமைக்கப் பழகும் வரை இது தினமும் நடந்தது. ஒருநாள்கூட மஞ்சுளா எட்டிப் பார்க்கவில்லை. அழுகிற முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் பார்க்காமல் இருந்தாள் என்பது அவருக்கு வெகு நாள் கழித்தே விளங்கியது. முகம் காட்டாதவளுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வது? சொல்லவில்லை. அது அப்படியே பாக்கி நின்றது.

இந்த வருஷம் குளிர்காலம் முடிகிற சமயத்தில் பீர் முகைதீன் மேசைக்கு வந்தார். எதிர்ப்புறத்தில் இருந்த பழைய வெள்ளைக்காரன் கட்டடத்தில், புதிதாக வந்த அரசு அலுவலகம் ஒன்றில் அவர் டீ போடுகிறவர். தேவைப்படும்போது உத்தரவும் கொண்டுவருகிறவர்.

"அண்ணே, அவசரம். 'பிராந்திய அமைதிக் குழு'ன்னு ஒரு முத்திரை."

சுரேந்திரன் வெட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் 'அமைதிப் பொருள் கொள்முதல் துணைக்குழு' வந்தது. அதற்கு அடுத்தது 'அமைதிப் பொருள் கொள்முதல் மேற்பார்வைத் துணைக்குழு'. ஊரில் அமைதி இவ்வளவு வேகமாகப் பெருகுகிறதே என்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு 'சுட்டுப் பார்க்கப்பட்டது' என்றொரு முத்திரை கேட்டார்கள்.

"பாய், அமைதிப் பொருளை எதுக்குச் சுட்டுப் பாக்கணும்?"

"அப்பளம்னு நெனச்சுக்கிட்டியளா? துப்பாக்கிண்ணே."

"யாரைச் சுட?"

"அது வேற செக்‌ஷன்" என்றார் பீர் முகைதீன்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. முத்திரையைத் தனியாக வாங்கக் கூடாது. ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒன்று வாங்கினால் 'அனுமதிக்கப்படவில்லை' என்று இன்னொன்று. நியாயமான விதிதான். 'படவில்லை' முத்திரைகள் எல்லாம் ஒரு முறைகூட மை படாமல், ஒரு பிஸ்கட் டப்பாவில் புத்தம் புதிதாகக் கிடந்தன. இன்னொரு விதி, வெட்டியவரே வந்து குழுவின் முன்னால் பதித்துக் காட்ட வேண்டும் என்பது. அதனால் சுரேந்திரன் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, அடிக்கடி அந்தக் கட்டடத்தின் படியேற வேண்டி வந்தது.

தலைவரை எல்லாரும் சயாஜி என்றார்கள். பெரிய ஐயா என்று பொருள். மென்மையாகப் பேசுபவர், ஈயைக்கூட விரட்டாமல் நகரச் சொல்லுவார். அன்று அவர் கையெழுத்தை ஒழிப்பது பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, கையெழுத்து என்பது பழைய காலத்து வழக்கம். கையெழுத்துப் போட்டால், போட்டது யார் என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். முத்திரைக்கு அந்தத் தொல்லை கிடையாது. முத்திரைக்குப் பின்னால் ஆளே இல்லை. ஆகவே இனி இந்த அலுவலகத்தில் முத்திரை மட்டும்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். யார் முதலில் தட்டியது என்று மட்டும் தெரியவில்லை.

அடுத்து துப்பாக்கிகளின் பிறந்தகிழமை பற்றிய பேச்சு வந்தது. மனிதர்கள் தாம் பிறந்த கிழமைக்குரிய மூலையில் நின்றுதானே பகோடாவில் நீர் வார்க்கிறார்கள்? துப்பாக்கிகளுக்கும் அப்படி வார்க்க வேண்டும் என்பது குழுவின் தீர்மானம். தொழிற்சாலையில் விசாரித்ததில் அவை புதன்கிழமை மதியத்துக்கு மேல் பிறந்தவை என்று தெரிந்தது. புதன் பிற்பகல் ராகுவுக்கு உரியது. குழு கவலையில் ஆழ்ந்தது. கடைசியில், துப்பாக்கிகள் வெள்ளிக்கிழமை பிறந்ததாகக் கருதப்படும் என்று முடிவாயிற்று. அதற்கும் ஒரு முத்திரை. அதன் ஜோடிக்கு இன்னொன்று.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் தணிக்கைக்காரர் ஒருவர் மேல் அலுவலகத்திலிருந்து வந்து, கொள்முதல் படிவத்தின் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"சயாஜி, இங்கே 'எதிரி' என்று இருக்கிறது. காலியாக விட்டிருக்கிறீர்கள்."

அவ்வளவு தூரம் யாரும் யோசித்திருக்கவில்லை.

சயாஜி எழுந்தார். "நல்ல கேள்வி. ஆயுதம் வாங்குவது சுலபம். பணம் இருந்தால் எந்த நாட்டிலும் கிடைக்கும். எதிரி அப்படி இல்லை. எதிரியை இறக்குமதி செய்ய முடியாது. உள்ளூரிலேயே தயாரித்தாக வேண்டும். நிதியாண்டு முடிய அதிக நாள் இல்லை. அதற்குள் எதிரி கிடைக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போகும். பணம் திரும்பிப் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒரு நாட்டுக்கு வருமா? வட்டத்துக்கு ஒருவர் போதும். அதிகம் வேண்டாம். நாம் அமைதிக் குழு."

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் எப்போதும் பட்டுத் தலைப்பாகையோடு இருப்பவர். அது கலையாமல் இருக்கக் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புவார். அப்படித் திரும்பியபோது, வாசலருகே மைத்தட்டோடு நின்ற சுரேந்திரன் கண்ணில் பட்டார். பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்துக் கூப்பிட்டார்.

"ஊ சுரேன், நீங்கள் காலை முதல் மாலை வரை தெருவில் இருக்கிறீர்கள். உங்கள் வட்டத்தில் எதிரி மாதிரி யாராவது உண்டா?"

சுரேந்திரன் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார். மொகிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிற அம்மாள், பேப்பர்காரர், கடன் வாங்கித் திருப்பித் தராத பூட்டுக்கடைக்காரர். ஒருவரையும் விட மனசு வரவில்லை.

"அப்படி யாரும் இல்லீங்க. வேணும்னா... என் பேரையே எழுதிக்குங்க. எனக்கு வீட்ல யாரும் காத்திருக்கல."

செயலாளருக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார். "அது முடியாது. நீங்கள் இந்த அலுவலகத்துக்குப் பொருள் தருபவர். பொருள் தருபவரே எதிரியாகவும் இருந்தால் முறைகேடு என்பார்கள். நாங்கள் ஊழலுக்கு இடம் கொடுப்பதில்லை."

மறுநாள் காலையில் செயலாளர் ஒரு முத்திரையை அவசரப்படுத்துவதற்காகத் தாமே நடைபாதைக்கு இறங்கி வந்தார். தலைப்பாகையில் வெயில் மின்னியது. அதே நேரத்தில் இப்போது நர்ஸாகிவிட்ட நித்யா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, சாப்பாட்டை மறந்துவிட்டுக் கீழே வந்து, ஐந்தாம் மாடிக் கயிற்றை அசைத்தாள். மேலே மணி அடித்தது. மஞ்சுளா தூக்குச்சட்டியை மாட்டி இறக்கினாள். செயலாளர் கழுத்தைத் திருப்பாதவர். மேலே நிமிர்ந்தும் பாராதவர். தூக்குச்சட்டி அவர் தலைப்பாகையைத் தொட்டு, மெல்லத் தள்ளி, நடைபாதையில் உருட்டிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நித்யாவுக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் ஓடிப் போய் எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டி பர்மியத்தில் மன்னிப்புக் கேட்டாள். செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். கயிற்றை, மணியை, ஐந்தாம் மாடியை வரிசையாகப் பார்த்தார். முதல் தடவையாகக் கழுத்து நிமிர்ந்தது.

"மாமா, யாரு அவரு?" என்றாள் நித்யா, அவர் தெருவைக் கடந்த பிறகு. "சிரிப்பே வராதா? எங்க வார்டுக்கு வந்தா ஊசி போட்டுத்தான் சிரிக்க வைக்கணும்."

"மெதுவாப் பேசும்மா" என்றார் சுரேந்திரன்.

மத்தியானம் பீர் முகைதீன் வந்தார். டீ டம்ளரை மேசைமேல் வைத்தார், உட்காரவில்லை.

"ஒரு ஜோடிண்ணே. 'எதிரி: உறுதி செய்யப்பட்டது'. அதோட ஜோடி, 'விசாரணை முடிந்தது: நடவடிக்கை தேவையில்லை'." குரல் இறங்கிப்போயிருந்தது. "பைலு போட்டாச்சு. பேரு என்னா தெரியுமா? 'ஐந்தாம் மாடிக் கயிறு'. மணியடிச்சு மலைக்காட்டுக் கலகக்காரங்களுக்குச் சாடை காட்டுறாங்களாம்."

"அது சோத்துக்கு அடிக்கிற மணி பாய்!"

"எனக்குத் தெரியாதாண்ணே? நானே அந்தக் கயித்துல எத்தனை தடவ டீ அனுப்பியிருக்கேன். அதைச் சொன்னா நானும் பைலுக்குள்ள போயிடுவேன்."

"முத்திரை விழுந்தா?"

"விழுந்த அன்னைக்கே வண்டி வரும். நாளைக்கு சாம்பிள் துப்பாக்கி வருது. படம் எடுத்து முடிச்சுட்டு, சயாஜி கையாலயே குத்தப்போறாரு. நீங்க வெட்டமாட்டேன்னு சொன்னா அடுத்த தெரு மெஷின் கடையில வெட்டிக்குவாங்க. முடிஞ்சதுன்னு முத்திரை விழுந்த பைலைத்தான் இந்த ஆபீசுல எவனும் தொடமாட்டான். தொட்டா மறுபடியும் வேலை பாக்கணுமே! ஆனா ஜோடியில அந்த ரெண்டாவது முத்திரையை இதுவரைக்கும் எவன் எடுத்தான்?"

சுரேந்திரன் அன்று சாயங்காலம் வரை காத்திருந்து, வேலை முடிந்து வந்த நித்யாவை நிறுத்தினார்.

"அம்மாவைக் கூட்டிக்கிட்டு மாவ்பியில உங்க சித்தி வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வாயேம்மா."

"எங்க மாமா போறது? வார்டுல வேலைக்கு ஆளே இல்ல. நான் லீவு போட்டா அத்தனை நோயாளிங்கள யாரு பாக்குறது?" என்று சிரித்தபடி படியேறினாள். ஏன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பயத்தை ஒரு பிள்ளையின் கையில் எப்படிப் பதிப்பது?

அந்த இரண்டு முத்திரைகளையும் அவரே வெட்டினார். 'எதிரி' என்பதை வெட்டும்போது பிளேடு கை விரலைக் கீறியது.

மறுநாள் கூட்ட அறையில் சிவப்புத் துணி விரித்து, மல்லிகைச் சரம் சுற்றி, ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் வெள்ளிக்கிழமை பிறந்ததாகக் கருதப்படும் துப்பாக்கிகள் இருந்தன. புகைப்படக்காரர் வெளிச்சம் போதவில்லை என்றார். பெட்டியை மாடிப்படிக்குத் தூக்கினார்கள். படத்தில் இருக்கிற ஒவ்வோர் அதிகாரியும் பெட்டியின்மேல் ஒரு விரலாவது வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அதிகாரிகள் அதிகம், பெட்டி சின்னது. ஆகவே படிக்கட்டில் நெடுநேரம் தள்ளுமுள்ளு நடந்தது. பீர் முகைதீனும் டீத்தட்டோடு கூடவே போக வேண்டியதாயிற்று.

"ஊ சுரேன், மை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துவிட்டு வந்து எதிரியை உறுதிசெய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டுச் சயாஜியும் போனார்.

அறையில் சுரேந்திரன் ஒருவர்தான். ஜன்னல் விளிம்பில் புறாக்கள் நடந்தன. மேசையில் அந்தப் பைல். அதன் பக்கத்தில் ஜோடி முத்திரைகள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக் கயிறு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் கிளிப்பில் ஒன்றும் இல்லை.

முதலில் உண்மை. அப்புறம்தான் முத்திரை. அந்தப் பிள்ளைக்கு அவர் சொன்ன பதில்தான். உண்மை என்ன? ஒரு தாய் மகளுக்குச் சோறு இறக்கினாள். இதற்கு என்ன நடவடிக்கை தேவை? ஒன்றும் தேவையில்லை. அந்த அறையில் அன்றுவரை பதித்த வாசகங்களில் எதிலும் இத்தனை உண்மை இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. 'விசாரணை முடிந்தது' என்பது மட்டும்தான் இடித்தது. முருகா, விசாரணை ஒன்று நடந்திருந்தால் முடிந்துதானே போயிருக்கும்?

கை அசைந்தால் மை இழுபடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரும் எடுக்காத அந்த முத்திரையை எடுத்து, ஒற்றி, பைலின் நெற்றியில் நேராகப் பதித்தார். எடுத்தபோது எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. வழக்கப்படி முத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தார். பைலை முடிந்தவற்றின் தட்டுக்கு மாற்றினார். பிறகு மைத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலருகே போய் நின்றார்.

அதிகாரிகள் வியர்வையோடு திரும்பினார்கள். செயலாளர் மேசையைத் தேடினார், தட்டில் இருந்த பைலைக் கண்டார், நின்றுவிட்டார்.

"இது... முடிந்திருக்கிறது, சயாஜி."

"யார் முடித்தது?"

கையெழுத்து இல்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவர் முகத்திலும், தன்னைவிடப் பெரியவர் யாரோ செய்திருக்கிறார் என்கிற பயம் தெரிந்தது. வாசலில் நின்றவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவரைவிடச் சிறியவர் அந்த அறையில் இல்லை.

"மேலிடமாக இருக்கும்" என்றார் சயாஜி தாழ்ந்த குரலில். "மேலிடம் ஏன் முடித்தது என்று நாம் கேட்பது ஒழுங்கல்ல. கீழே பழைய பைல்கள் அறைக்கு அனுப்புங்கள்."

"அப்படியானால் எதிரிக் கட்டம்?"

சயாஜி சற்றே கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் அருள் இருந்தது. "எழுதுங்கள். எதிரி: ஆயுதங்கள் வந்து சேர்ந்தபின் அறிவிக்கப்படும்."

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

அன்று மாலை அலோன் பகுதியில், தமது ஒற்றை அறையில், சுரேந்திரன் விளக்கேற்றினார். ஆற்றோரக் கிடங்குகளை நோக்கி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொரு லாரிக்கும் சுவர் அதிர்ந்தது. அவரால் ஒரு லாரியையும் நிறுத்த முடியாது. அவை யாருக்காகப் போகின்றன என்பது இனிமேல்தான் அறிவிக்கப்படும். சொல்லி அழவும் பக்கத்தில் ஆள் இல்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விரலில் கீறின இடத்தில் ஊதா மை ஊறிப்போய் நின்றுவிட்டது. ஜெயம்மா படத்தின் முன்னால் சோற்றை வைத்துவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பாதிதான் பொய்யி, ஜெயம்மா. மிச்சம் பாதி உண்மை. இன்னைக்கு ஒருநாள் சாப்பிட்டுடு."

காலையில் மேசையை விரித்தார். பேப்பர்காரர் அவசரத்தில் மஞ்சுளா வீட்டுப் பேப்பரை மேசைமேல் வீசிவிட்டுப் போயிருந்தார். சுரேந்திரன் எழுந்து அதைக் கிளிப்பில் மாட்டி, கயிற்றை அசைத்தார். மேலே மணி அடித்தது. கயிறு அவர் தோளை உரசிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து ரப்பரைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார்.